சிகிச்சை அறைக்குள் பெற்றோருக்கும் ஒரு நாற்காலி

மூன்று வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டது என்றால், பொழுது சாய்வதற்குள் அதன் தாய்க்கு நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிடுவார்கள். “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே.” “ரெண்டு போட்டாத்தான் அடங்குவான்.” “அப்படியே அவங்கப்பா பிடிவாதம்.” “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு.” மறுநாள் காலையில் அவன் மறுபடி கையை ஓங்கும்போது அவள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்பவர்களுக்கும் தெரியாது. அவர்களுக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

சின்னப் பிள்ளைகளின் அடத்தையும் ஆத்திரத்தையும் கையாள்வது பழகிக்கொள்ளக்கூடிய ஒரு திறமை. பெற்றோரின் பக்கத்திலேயே இருந்து அதைப் பழக்கிவிடும் முறைகள் ஐம்பது ஆண்டுகளாக உலகில் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் நம் ஊரில் பிள்ளையைத் தெரபிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் பல இடங்களில் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளை வெளியே வருகிறது, பணம் கட்டுகிறார்கள், பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளே என்ன நடந்தது, வீட்டில் எதைத் தொடர வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்ப்பவருக்குத் தெரிந்தது, மீதி நேரம் முழுக்க அதனுடன் வாழ்பவர்களுக்குத் தெரியாமல் போனால் அந்தச் சிகிச்சை எப்படிப் பிடிக்கும்? அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். அடிப்பது, கடிப்பது, தள்ளிவிடுவது எல்லாம் மனித வாழ்க்கையிலேயே மிக அதிகமாக இருப்பது இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில்தான். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரம்ப்ளே, குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் சொன்னது இது. அந்த வயதில் ஆசை முழுதாக வந்துவிடுகிறது, அதைச் சொல்லப் பேச்சு வருவதில்லை, காத்திருக்கவும் தெரிவதில்லை. பேச்சு வர வர, பெரும்பாலான பிள்ளைகளிடம் அடிதடி குறைகிறது. எனவே கடித்த பிள்ளை நாளைக்கு ரவுடியாகிவிடும் என்று கலங்க வேண்டியதில்லை. அதற்காக, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. சில பிள்ளைகளிடம் அது குறையாமல் ஊறிப்போகிறது. ஊறுவது எப்படி என்பதும் தெரிந்த விஷயம்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், குடும்பங்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, யார் என்ன சொன்னார்கள், அதற்கு அடுத்து யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகக் குறிப்பெடுக்க வைத்தார். 1982-இல் வந்த அவருடைய புத்தகம் அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான். அவர் கண்டதை நம் வீட்டு இரவுச் சாப்பாட்டில் வைத்துப் பார்ப்போம்.

மணி எட்டு. பாட்டி பருப்புச் சாதம் பிசைந்து வைத்திருக்கிறார். பிள்ளை கையில் செல்போன். “போதும், போனைக் குடு” என்கிறாள் அம்மா. காதில் விழாதது போல அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். “குடுன்னு சொல்றேன்ல?” அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் தடவை குரல் ஏறுகிறது, கை நீள்கிறது, போன் பிடுங்கப்படுகிறது. அவன் தரையில் விழுந்து கத்துகிறான், தலையைத் தரையில் மோதுகிறான். தாத்தாவால் தாங்க முடியவில்லை. “குடுத்துத் தொலைம்மா, சாப்பிடவாவது செய்யட்டும்.” போன் திரும்ப அவன் கைக்குப் போகிறது. வீடு அமைதியாகிறது. நாலு வாய்ச் சோறும் உள்ளே போகிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் எல்லோருமே ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். முதல் இரண்டு தடவை அம்மா சொன்னதைக் கேட்காவிட்டாலும் ஒன்றும் நடக்காது, தலையை மோதினால் போன் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டான். கொடுத்துவிட்டால் நிம்மதி என்று பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாளைக்கு அவன் இன்னும் பலமாக மோதுவான். ஒருநாள் அம்மா பொறுமை இழந்து முதுகில் ஓங்கி ஒன்று வைப்பாள், அவன் திகைத்து நிறுத்துவான். அடித்தால் நிற்கும் என்பது அவள் கற்கும் அடுத்த பாடம். அதுவும் சில வாரம்தான், பிறகு அந்த அளவு அடிக்கு அசைய மாட்டான், அடியின் கனம் கூடும். ஒருவரை ஒருவர் மிரட்டிப் பணியவைக்கும் இந்தச் சுழலைத்தான் பேட்டர்சன் பதிவு செய்தார். இந்தக் காட்சியில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அம்மா முழு நாள் வேலை பார்த்துவிட்டு வந்தவள், தாத்தா பாசத்தில் பேசினார், பிள்ளைக்கு மூன்று வயது. அந்த நேரத்து நிம்மதியைத் தேடிய ஒவ்வொருவரும் சேர்ந்து அடத்தை வளர்த்துவிட்டார்கள். அதனால்தான் “நீ சரியாக வளர்க்கவில்லை” என்று தாயைக் குற்றம் சொல்வதில் பயனே இல்லை. சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்று அவளுக்கும் அந்த வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் காட்டிக்கொடுக்க வேண்டும்.

காதில் கேட்கும் குரல்

ஓரிகனிலேயே கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்பவர் தாய்மாருக்கு இரண்டு கட்டமாகப் பயிற்சி தரும் ஒரு முறையை வகுத்தார். அந்த வழியில் 1970-களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கியது பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. இரண்டு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. தாயோ தந்தையோ பிள்ளையுடன் ஓர் அறையில் விளையாடுவார். பயிற்சியாளர் ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபடி, பெற்றோரின் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக அந்த நொடியில் என்ன சொல்லலாம், என்ன செய்யலாம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளையைத் தொட்டுச் சிகிச்சை செய்வது பெற்றோர்தான். அறிவுரைக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும். ‘பொறுமையா இருங்க’ என்பது அறிவுரை. பிள்ளை கட்டையைத் தூக்கி எறியும் அந்த நொடியில், ‘இப்ப முகத்தைத் திருப்பிக்கோங்க, உங்க கட்டையை நீங்க அடுக்குங்க, அவன் ஒண்ணை எடுத்து வச்சதும் உடனே பாராட்டுங்க’ என்று காதில் ஒருவர் சொல்வது பயிற்சி.

முதல் கட்டத்தில் தினமும் வீட்டில் ஐந்து நிமிடம் பிள்ளையோடு விளையாடச் சொல்வார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கேள்வி கூடாது, கட்டளை கூடாது, குறை சொல்லக் கூடாது. படிக்கச் சுலபம், நம் வீடுகளில் செய்வது கஷ்டம். நாம் பிள்ளையோடு விளையாட உட்கார்ந்தால் தேர்வு நடத்த ஆரம்பித்துவிடுகிறோம். இது என்ன கலர்? எத்தனை கட்டை இருக்கு? யானை எப்படிக் கத்தும், அங்கிளுக்குச் சொல்லிக்காட்டு. இந்த முறையில் அதையெல்லாம் நிறுத்திவிட்டு, அவன் செய்வதை அப்படியே சொல்ல வேண்டும். “சிவப்புக் கட்டை மேல நீலக் கட்டையை வைக்கிறே.” அவன் “லாரி” என்றால், “ஆமா, பெரிய லாரி.” அவன் தள்ளுவது போலவே நீங்களும் ஒரு லாரியைத் தள்ள வேண்டும். நல்லதாக ஒன்று செய்தால் அந்த இடத்திலேயே பாராட்ட வேண்டும், எதற்காகப் பாராட்டுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். “சமத்து” என்றால் பிள்ளைக்கு எது சமத்து என்று புரியாது. “கட்டையை எறியாம கையில குடுத்தே, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றால் புரியும். பிள்ளையை நேரில் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்ற தயக்கம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. திட்டுவதற்கு அந்தத் தயக்கம் இல்லை என்பதால், நாள் முழுக்கப் பிள்ளை தன்னைப் பற்றிக் கேட்பது குறையாகவே இருக்கிறது. அமைதியாக விளையாடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தம்பியை அடித்தால் மூன்று பேர் ஓடிவருகிறார்கள். எதைச் செய்தால் கவனம் கிடைக்கும் என்பதில் பிள்ளைகளுக்குக் குழப்பமே இருப்பதில்லை.

உறவு இளகிய பிறகுதான் இரண்டாவது கட்டம். சொன்னால் கேட்க வைப்பது எப்படி என்று அதில் பழக்குவார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். “பொம்மையை எடுத்து வச்சுட்டு, கை கழுவிட்டு, வந்து உட்காரு” என்பது மூன்று வேலை, சின்னப் பிள்ளைக்கு முதல் வேலைகூட நிற்காது. “சாப்பிட வர்றியா?” என்று கேட்டால் “வரலை” என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை இருக்கிறது. அது கேள்விதானே? “வா, தட்டு முன்னாடி உட்காரு” என்று சொல்லுங்கள். “ஓடாதே” என்பதைவிட “என் கையைப் பிடிச்சு நட” என்பது அவனுக்கு வழி காட்டுகிறது. சொல்லிவிட்டு ஐந்து எண்ணும் அளவுக்குக் காத்திருங்கள். செய்தால் பாராட்டு. செய்யாவிட்டால் முன்பே சொன்ன சிறிய விளைவு ஒன்று, சொன்னபடியே, கோபமில்லாமல். போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும், ஊசி போடச் சொல்லுவேன், இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன் என்பதெல்லாம் நடக்காத மிரட்டல்கள். நடக்காது என்று பிள்ளைக்குத் தெரியும் வரை பயம், தெரிந்த பிறகு உங்கள் எந்தச் சொல்லுக்கும் மதிப்பில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்பதை மட்டும் தயவுசெய்து ஒருபோதும் சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் அதை நம்புகின்றன.

பயிற்சியாளர்கள் தனிநேரம் என்று ஒன்றைக் கற்றுக்கொடுப்பார்கள். கைமீறிய பிள்ளையை, நம் கண் பார்வையிலேயே, ஒரு நாற்காலியில் சில நிமிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் உட்கார வைப்பது. பாத்ரூமில் பூட்டுவதையும் இருட்டறையில் தள்ளுவதையும் இதனுடன் சேர்க்காதீர்கள், அது கொடுமை. மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு நாற்காலி முறையை யாருடைய வழிகாட்டலும் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதுவரை கத்தினால் கிடைத்தது இனிமேல் கிடைக்காது என்று ஆகும்போது, பிள்ளை முதலில் இன்னும் பலமாகத்தான் கத்தும். சில நாட்களுக்கு நிலைமை முன்பைவிட மோசமாகத் தோன்றும். பெற்றோர் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உச்சத்தில் போய் நாம் பணிந்துவிட்டால், இவ்வளவு தூரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும். எனவே தொடங்குமுன் வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகத் தாத்தா பாட்டி, உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும். கண்டுகொள்ளாமல் விடுவது கத்தலுக்கும் சிணுங்கலுக்கும் மட்டும்தான். இன்னொரு பிள்ளையை அடித்தால் உடனே தடுத்து விலக்க வேண்டும். தலையை மோதினால் பேச்சே இல்லாமல் தூக்கி மெத்தையில் விட வேண்டும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது “ஏன் இப்படிப் பண்றே?” என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பொடிகலும் கூட்டாளிகளும் சின்னக் குழந்தைகளின் உடையில் ஒலிவாங்கி வைத்து அடத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கத்தலும் அலறலும் ஒரு சேர்க்கையாகவும், அழுகையும் சிணுங்கலும் இன்னொரு சேர்க்கையாகவும் இருந்தன. கோபம் ஏறி இறங்க, துக்கம் ஊடே ஓடுகிறது. கத்தல் தணிந்து அழுகை மட்டும் மிஞ்சும்போது பிள்ளை மடியைத் தேடும். அப்போது அணைத்துக்கொள்வது செல்லம் கொடுப்பதாகாது.

இதே அடிப்படையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய ட்ரிபிள் பி, சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய இன்க்ரெடிபிள் இயர்ஸ் போன்ற திட்டங்களும் உண்டு. அவற்றுக்கான பயிற்சியும் உரிமமும் செலவு பிடித்தவை. ஏழை நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கட்டணமில்லாத பயிற்சிப் பாடங்களை வெளியிட்டிருக்கின்றன. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. பெற்றோருக்கான இத்தகைய பயிற்சியை எல்லா நாடுகளும் எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2023-இல் வந்த அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் என்று கண்டறியப்பட்ட 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குக்கூட, மாத்திரைக்கு முன்னால் பெற்றோர் பயிற்சியைத்தான் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் பரிந்துரை. உங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் சந்திப்பிலேயே மருந்துச்சீட்டு எழுதப்பட்டால், “இதுக்கு முன்னாடி எங்களுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடி, சிரப், போன்

அடி வாங்கி வளர்ந்துதான் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லாத குடும்பம் குறைவு. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டு ஆய்வுகளை, 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய தரவுகளை, ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியிட்டார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் எதிர்ப்பும் முரட்டுத்தனமும் மனச்சிக்கலும் அதிகமாகவே தெரிந்தன. கீழ்ப்படிதல் நீடித்து வளர்ந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு, தம்பியை அடித்ததற்காக அண்ணனை அடிக்கும்போது, பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதைத்தான் நாம் செய்து காட்டுகிறோம்.

பிள்ளை தூங்கட்டும் என்று சளி, இருமல் சிரப்பை ஒரு மூடி ஊற்றுவதும் நடக்கிறது. இதைச் சத்தமாக யாரும் சொல்வதில்லை. தூக்கம் வரவைக்கும் அந்த மருந்துகள் சின்னப் பிள்ளையின் மூச்சைக் குறைத்துவிடக்கூடியவை. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அறிவித்தது. செல்போன் மருந்து போல ஆபத்தானது இல்லைதான், ஆனால் 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதே பரிந்துரையில் 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்குத் தூங்கி ஏழு மணிக்குப் பள்ளி வேனுக்காக எழுப்பப்படும் பிள்ளையின் அடத்துக்குப் பாதி காரணம் அங்கேயே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. அதனால் ப்ளே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆவது பிரிவின்படி, ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் தேவையற்ற உடல், மனத் துன்பம் ஏற்படும்படி அதைத் தாக்கினாலோ புறக்கணித்தாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் வரை அபராதமும். தெரபி மையத்துக்கும் பகல்நேரக் காப்பகத்துக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்குள் சட்டம் தயங்கியே நிற்கிறது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்துடன் செய்வதற்கு விலக்கு தரும் பழைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, பெற்றோரின் வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்கச் சொல்கிறது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டு அடியைத் தடை செய்தது. நம் பக்கத்தில் நேபாளம் 2018-இல் செய்தது. நாமும் செய்ய வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அடிக்காமல் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், பெற்றோர் சிரப்புக்கும் போனுக்கும்தான் போவார்கள்.

ஒரு பிள்ளை உண்மையாகவே துன்புறுத்தப்படுவது தெரிந்தால், அது யார் வீடாக இருந்தாலும், 1098-ஐ அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள்.

அடம் போலத் தெரிவது எல்லாம் அடமாக இருக்காது

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். எதற்கெடுத்தாலும் எரிச்சல்படும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், மூக்கடைப்பால் இரவுத் தூக்கம் கெட்டிருக்கலாம். 12 மாதத்தில் மழலை ஒலியோ விரலால் சுட்டிக்காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. ஆம்பளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவங்க தாத்தா நாலு வயசுலதான் பேசினாராம் என்ற ஆறுதல்கள் மிக அருமையான ஓராண்டைத் தின்றுவிடும்.

போக வேண்டிய இடம், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இது இயங்குகிறது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. சேவை இலவசம். அந்தத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். எப்போது வருகிறது என்று அங்கன்வாடி அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையோடு நீங்களும் போங்கள். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தை மனநலப் பிரிவுகள் உண்டு. ஆட்டிசம் என்று உறுதியானால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி அது அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத்திறன். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவையும் கேட்கலாம்.

தனியார் மையத்துக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கறாராகவே இருங்கள். இன்று ஒரு வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘பேரன்ட்டிங் கோச்’ என்று பலகை மாட்டிவிட முடிகிறது. மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அதை அதன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மூன்றே மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்பவரிடமிருந்தும், ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கதவு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பெற்றோருக்கு இங்கே கை கொடுக்கிறது. சிறார்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர்தான் நியமனப் பிரதிநிதி. மனநலச் சிகிச்சை பெறுபவரின் நோய்த் தன்மை, சிகிச்சைத் திட்டம், அதன் பக்கவிளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ள அந்தப் பிரதிநிதிக்கு 22-ஆவது பிரிவு உரிமை தருகிறது. உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ போகும்போது இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது பொருந்தாத மையமாக இருந்தாலும், உங்கள் பிள்ளைக்கு மூடிய அறையில் என்ன நடக்கிறது என்று கேட்க எந்தப் பிரிவும் தேவையில்லை. “உங்களை உள்ளே விட்டா பிள்ளை ஒத்துழைக்க மாட்டான்” என்று சொல்வார்கள். ஆரம்ப நாட்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ காட்டச் சொல்லுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டிய ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்கள் அதைச் செய்து காட்டும்போது திருத்தச் சொல்லுங்கள். இதில் எதற்கும் ஒத்துக்கொள்ளாத மையத்தில் பிள்ளையை விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்னதைச் செய்யாமல் பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் தொடங்கி மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தாய்மாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடம்பிடிக்கும் பிள்ளையின் தாய் பல வீடுகளில் தூங்கி எத்தனையோ நாளாகியிருக்கும். பேறுகாலத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு யாராலும் கவனிக்கப்படாமலே மூன்று ஆண்டு ஓடியிருக்கும். அவளிடம் போய், தினமும் ஐந்து நிமிடம் மலர்ந்த முகத்துடன் விளையாடு என்று சொல்வது அநியாயம். முதலில் அவளுக்கு உதவி தேவை. 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. பிள்ளையை ஓங்கி அடித்துவிடுவேனோ என்று கை நடுங்கும் இரவிலும் அந்த எண்ணை அழைக்கலாம். அப்பாக்கள் பயிற்சிக்கு வராமல் இருப்பதற்கு வேலை ஒரு காரணம்தான். பிள்ளை வளர்ப்பில் வரும் தோல்வி தாயின் கணக்கிலேயே எழுதப்படும் வரை அவர்களுக்கு அவசரம் வராது. இரண்டு பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் வீட்டில் பிள்ளை சீக்கிரம் பழகும். ஒருவர் மட்டும் பயிற்சிக்குப் போக முடியும் என்றால், அவர் மற்றவருக்கும் தாத்தா பாட்டிக்கும் அன்றைக்கே சொல்லிக்கொடுக்கட்டும்.

மிச்சம் இருப்பது அரசு செய்ய வேண்டியது. மாவட்ட மையம் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலையில் மூடுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் அங்கே வாரம் ஒருநாள் போனால் வாரம் ஒருநாள் சம்பளம் போகிறது. மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெற்றோர் அமர்வு வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வீடியோ அழைப்பில், பிள்ளை விளையாடும்போதே பெற்றோரின் காதில் பயிற்சியாளர் பேச முடியும், அதற்கு ஒரு செல்போனும் இயர்போனும் போதும். 1975 முதல் கிராமம்தோறும் வளர்ந்து நிற்கும் அங்கன்வாடிகளில், எடை பார்க்கவும் சத்துமாவு கொடுக்கவும் தெரிந்த ஊழியர்களுக்கு இந்த ஐந்து நிமிட விளையாட்டையும் கற்றுக்கொடுத்தால் அவர்கள் தாய்மாருக்குக் காட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பிள்ளைகளை மாவட்ட மையத்துக்கு அனுப்பியது, அவர்களின் பெற்றோருக்கு அங்கே பயிற்சி கிடைத்ததா என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.